ஞாயிறு மதியம் நான் பார்த்த நிறம்

கோபம் வந்தால் என்னை ‘மொதலாளியம்மா’ என்று கூப்பிடும் என் செல்லத் தம்பி அந்தோணிக்கு,

வருகிற வெள்ளியோடு நீ போய் ஒரு வருஷம். நம் கோயில் மலரில் உன் படம் போடுகிறார்கள். கீழே நாலு வரி எழுதித் தரச் சொன்னார்கள். எனக்கு நாலு வரியில் அடங்கவில்லை. இந்தக் கடிதத்தையே போடச் சொல்லிக் கொடுக்கப் போகிறேன்.

முதலில் வீட்டுச் செய்தி. உன் மகள் காலேஜில் சேர்ந்துவிட்டாள். உன் பெண்டாட்டி ஸ்டெல்லா இப்போது அடையாறு கடையில் என்னோடு நிற்கிறாள். வஞ்சிரம் வெட்டுவதில் உன்னைவிட வேகம், கோபித்துக்கொள்ளாதே. ஆனால் உன் படகு கரையேறும் நேரத்தில் மட்டும் அவள் அந்தப் பக்கம் போவதில்லை.

உன் கன்னத்துக்குள் புண் வந்து, அது புற்று என்று தெரிந்த அன்று, நீ பெரிய ஆஸ்பத்திரிக்கே போகலாம் என்றாய். நம் குப்பத்து ஆள் ஒருவர் அங்கே இதே ஆபரேஷன் செய்துகொண்டு வந்து சோறு தின்கிறார் என்றாய். நான் போய்ப் பார்த்தேன். வராந்தாவெல்லாம் ஆட்கள், தரையில் பாய் விரித்துப் படுத்திருந்தார்கள். மூன்று வாரம் காத்திருக்க வேண்டும் என்றார்கள். கே.கே. நகரில் அந்தச் சின்ன ஆஸ்பத்திரி அப்படியில்லை. ஏசி ரூம், பளபளவென்று தரை, திங்கட்கிழமையே வா என்றார்கள். நான் முடிவு பண்ணிவிட்டேன்.

“கூட்டம் இல்லாத கடையில நீ மீன் வாங்குவியாக்கா?” என்று கேட்டாய்.

“டேய், அது மீனு, இது ஆஸ்பத்திரி. வாயை மூடு.”

“மூடத்தான் போறேன் மொதலாளியம்மா. இன்னும் ரெண்டு நாள் பேசிக்கினு இருக்கேன், வுடு.”

ஸ்டெல்லாகூடச் சிரித்தாள். தெருத்தெருவாகக் கூடை சுமந்து கடை வைத்தவள் நான். கூட்டம் இருக்கிற இடத்தில்தான் சரக்கு பழசாகாது, வெட்டுகிறவன் கையும் பழகியிருக்கும் என்று எனக்குத் தெரியாதா? தெரிந்தும் தரையின் பளபளப்பைப் பார்த்தேன்.

ஆபரேஷன் நன்றாகத்தான் நடந்தது. அதைச் சொல்லாவிட்டால் பாவம். கெட்டுப்போன கன்னத்தை வெட்டி எடுத்துவிட்டு, உன் முன்கையிலிருந்து தோலும் சதையும் எடுத்து அங்கே வைத்து, நூல் மாதிரி இருக்கிற ரத்தக் குழாயைக் கழுத்தில் இணைத்துத் தைத்தார் டாக்டர். நல்ல கைக்காரர். ஆனால் அவர் வெளியிலிருந்து வருகிறவர். தைத்துவிட்டு அடுத்த ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். அந்த ஒட்டுச் சதையை மணிக்கொரு தரம் பார்க்க வேண்டும், ரத்தம் நின்றால் உடனே தியேட்டருக்குக் கொண்டுபோக வேண்டும் என்பதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அந்த வாரக் கடைசி, ஞாயிறு மதியம். ஸ்டெல்லா சாப்பிடக் கீழே போயிருந்தாள். நர்ஸ் உன் வாயைத் துடைக்க டார்ச் அடித்தபோது நானும் எட்டிப் பார்த்தேன். காலையில் ரோஜா நிறத்தில் இருந்த சதை கருநீலமாகியிருந்தது. செவுளைப் பிரித்து நிறம் பார்த்து, விரலால் அழுத்திப் பார்த்து விலை சொல்கிறவளுக்கு அது என்னவென்று தெரியாதா?

“இன்னா சிஸ்டர், நிறம் ஒரு மாதிரி கீதே?” என்றேன்.

“ஆபரேஷன் பண்ணா ரத்தம் கட்டத்தாம்மா செய்யும். டாக்டர் சாயங்காலம் வருவார்.”

சின்னப் பெண். இந்த மாதிரி ஆபரேஷன் அவள் அதுவரை எத்தனை பார்த்திருப்பாள்? அவளைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அழுத்திப் பாரும்மா, டாக்டருக்கு இப்பவே போன் போடும்மா என்று நான் கத்தியிருக்க வேண்டும். உன்னைச் சேர்த்த முதல் நாளே லிப்டில் ஒரு அம்மா என்னைப் பார்த்து முந்தானையால் மூக்கை மூடினாள். அதிலிருந்து இரண்டு வேளை குளித்து, பவுடர் போட்டுக்கொண்டுதான் அங்கே போனேன். அந்த இடத்தில் மீன்காரி எந்த வாயோடு சதையைப் பற்றிப் பேசுவது என்று அடங்கிவிட்டேன். மார்க்கெட்டில் எவனுக்கும் அடங்காதவள்!

சாயங்காலம் டாக்டர் வந்து பார்த்துப் பதறினார். தியேட்டருக்கு ஆட்களைக் கூட்டிச் சேர்க்கவே நேரமாகிவிட்டது. அந்தச் சதை செத்துப்போயிருந்தது. நெஞ்சிலிருந்து வேறு எடுத்து வைத்தார்கள். கழுத்தில் சீழ், அப்புறம் நுரையீரலில் சளி. பதினேழு நாள் நீ கண்ணால் மட்டும் பேசினாய். ஒரு தடவைகூட ‘நான் சொன்னேனே’ என்று பார்க்கவில்லை. பார்த்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

நீ போனபிறகு உன் பேப்பரையெல்லாம் எடுத்துக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரியில் வரிசையில் நின்றேன். அங்கே ஒரு டாக்டரம்மா பொறுமையாகப் படித்தார்.

“இங்கயும் சிலருக்குக் கெட்டுப்போகும்மா. ஆனா எங்க நர்ஸுங்க தினம் இதையே பாக்கறவங்க. நிறம் மாறினா நிமிஷத்துல எங்களக் கூப்பிடுவாங்க. திறந்து சரிபண்ண ஆள் எப்பவும் இருக்கும்.”

“இங்க வந்திருந்தா பொழைச்சிருப்பானாம்மா?”

“அத யாராலயும் சொல்ல முடியாது. மூணு வாரத்துல கட்டி பெருசாகியும் இருக்கலாம்.”

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அழுது தீர்த்திருப்பேன். இல்லை என்றிருந்தால் தூங்கியிருப்பேன். இப்போது இரண்டும் இல்லை.

ஸ்டெல்லாவும் இதையேதான் கேட்கிறாள். ஐஸ் உடைக்கும்போது திடீரென்று நிறுத்திவிட்டு, “அங்க போயிருந்தா இருந்திருப்பாரா அண்ணி?” என்பாள். ஆண்டவன் சித்தம் என்று சொல்லிவிட்டு எடைபோடத் திரும்பிக்கொள்வேன். இடத்தை நான் தேர்ந்தெடுத்தது அவளுக்குத் தெரியும். அதை மன்னித்தும்விட்டாள். அந்த மதியம் நான் பார்த்தது அவளுக்குத் தெரியாது.

மலர் வெள்ளிக்கிழமை கைக்கு வரும். அச்சில் படித்து அவள் தெரிந்துகொள்ளக் கூடாது. நாளைக்குக் கடையை மூடியதும் அவளை உட்கார வைத்து நானே சொல்கிறேன். “பார்த்தீங்களே, ஏன் அண்ணி கத்தல?” என்று கேட்பாள். பவுடர் கதையை அவளிடம் எப்படிச் சொல்வது? ஆனாலும் சொல்லிவிடுவேன்டா, இது உனக்கு நான் தரும் வாக்கு. அதற்கப்புறம் அவள் கடைக்கு வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி.

வாய் இருந்தும் பேசாமல் நின்ற
உன் அக்கா,
ரோசி