மூன்று தட்டு

மார்ச் 3, செவ்வாய்

போலீஸ் வலைபோட்டுத் தேடும் மனிதர், லிஃப்ட் பழுதுபார்க்கும் என் பட்டறைக்கே வந்து நிற்கிறார். என்ன நெஞ்சழுத்தம்!

"சுவரப் பிளக்கற கைய வச்சுக்கிட்டு ஸ்குரூ முடுக்கிட்டு இருக்கியே, வெட்கமா இல்ல? என்கூட வா. தண்ணி நிலையத்தப் பிடிச்சா ஊரே நம்ம கால்ல விழும்."

"யாரும் என் கால்ல விழ வேண்டாம், அப்பா. கெளம்புங்க."

இடிபாடுகளில் ஆட்களை மீட்கும் முகமூடிக்காரி நான்தான் என்பது அவரைத் தவிர என் தோழிகள் இருவருக்குத்தான் தெரியும். வெல்டிங் வேலை செய்யும் நெட்டை. தண்ணீர் நிலையத்தில் பம்ப் பார்க்கும் சோடாபுட்டி.

மார்ச் 5, வியாழன்

வெறுங்கையால் சுவரை உடைக்கும் வித்தை அப்பா கற்றுக்கொடுத்ததுதான். "உடைக்கறதுக்கு முன்னாடி மூணு தட்டு. உள்ள இருக்கறவங்க தள்ளிக்கட்டும்." கொள்ளைக்காரருக்கு இந்த மரியாதை ஒன்றுதான் குறைச்சல்!

மார்ச் 6, வெள்ளி

பாவி மனுஷன்.

தண்ணீர் நிலையக் கதவை நான் தட்டுவதுபோலவே மூன்று முறை தட்டியிருக்கிறார். நான்தான் என்று நினைத்து சோடாபுட்டி திறந்துவிட்டாள். குழாய் ஒட்ட வந்திருந்த நெட்டை குறுக்கே நின்றாள். ஒரே தள்ளு, கை முறிந்துவிட்டது. இருவரையும் வெளியே தள்ளிவிட்டு, ஊருக்கே தண்ணீரை நிறுத்திவிட்டு உள்ளே உட்கார்ந்திருக்கிறார்.

ஆஸ்பத்திரியில் சோடாபுட்டி தேம்பினாள். "நீதான்னு நெனச்சோம்டி." நானும் அழுதேன். நெட்டைக்குக் கோபம் வந்துவிட்டது: "ஒப்பாரி வைக்காதீங்கடி. கை எனக்குத்தானே ஒடைஞ்சுது? போய் அந்தாள இழுத்துட்டு வா."

அப்பாவா, இவர்களா? இதெல்லாம் ஒரு கேள்வியா? பிறகு ஏன் இன்னும் கிளம்பாமல் எழுதிக்கொண்டிருக்கிறேன்?

மார்ச் 7, சனி

பட்டப்பகலில் போனேன். முகமூடி இல்லாமல். நான் யார் மகள் என்று ஊரே பார்க்கட்டும், எனக்கென்ன!

உள்ளே சுவரில் முதுகு கொடுத்து நிற்கிறார், மூச்சு கேட்கிறது. தட்டினால் உஷாராகிவிடுவார். தட்டாமல் இடித்தால் அத்தனையும் அவர் தலையில்தான் விழும். நெட்டையின் கையை நினைத்துக்கொண்டு ஓங்கினேன். சீ, முடியவில்லை. தட்டினேன். மூன்று முறை.

விலகிவிட்டார்! அத்தனை வருடப் பழக்கம். சுவர் சரிந்தது. தூசி அடங்குவதற்குள் அவர் மணிக்கட்டு என் பிடியில்.

"தட்டாம வந்திருந்தா செத்திருப்பேன்."

"தெரியும். நடங்க."

மார்ச் 21, சனி

சிறைக்குப் போனேன். நெட்டை கைக்கட்டோடு வாசலில் காத்திருந்தாள். உள்ளே எனக்கும் அப்பாவுக்கும் நடுவே கண்ணாடிச் சுவர். அவருக்கு அது காகிதம். என்னையே பார்த்தார். மெதுவாகத் தட்டினார். ஒன்று, இரண்டு, மூன்று.

நான் நாற்காலியை விட்டு நகரவில்லை.

தட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டார். "அந்தப் பொண்ணு கை எப்படி இருக்கு?" என்று கேட்டார்.