குப்தாஜியின் தோள்வலி

டிசம்பர் 12, 2003. வெள்ளி.

மகள் வைதேகி அமெரிக்காவில் தனியார் கல்லூரியில் ஆஸ்டியோபதி மருத்துவம் மூன்றாம் வருடம் படிக்கிறாள். மற்ற டாக்டர்கள் படிப்பதெல்லாம் உண்டு; கூடவே எலும்பையும் தசையையும் கையால் தொட்டு நோய் அறியும் பயிற்சியும் உண்டு. எதிர் ஃபிளாட் குப்தாஜிக்கு அது ‘மாலிஷ் காலேஜ்’, அதாவது உடம்பு பிடித்துவிடும் மசாஜ் காலேஜ். நான் மறுத்துப் பேசியதில்லை. எனக்கே உள்ளூரச் சந்தேகம்.

லீவில் வந்திருப்பவளிடம் இன்று சாயங்காலம் அவரே வந்தார். “பேட்டி, ஜரா மாலிஷ் கர் தோ”, கொஞ்சம் பிடித்துவிடு மகளே என்று இடது தோளைக் காட்டிச் சிரித்தார்.

வைதேகி தோளை அழுத்திப் பார்த்தாள். கையைத் தூக்கச் சொன்னாள். எதற்கும் வலி கூடவில்லை. ஆனால் இந்தக் குளிரில் அவருக்கு வேர்த்துக் கொட்டியது.

“அப்பா, இது தோள் இல்லப்பா, ஹார்ட்டா இருக்கும். காரை எடுங்கோ, ஜல்தி!”

ஹார்ட் அட்டாக்தான். இன்னும் அரை மணி தாமதித்திருந்தால் கஷ்டம் என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். குப்தாஜி பிழைத்துவிட்டார்.

திரும்பும்போது கேட்டேன். “நீ சொன்னது தப்பா இருந்திருந்தா?”

“நன்னாத்தானே இருந்திருக்கும்? அங்கிள் என்னைக் கேலி பண்ணிண்டே வீட்டுக்கு வந்திருப்பார்.”

அவளிடம் சொல்லாததை இங்கே எழுதி வைக்கிறேன்: என் பெண் டாக்டர்.