அரைப் பேர்

ரத்தோட்டை,
ஞாயிற்றுக்கிழமை.

மகள் தினுஷாவுக்கு அம்மா எழுதுவது.

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கப் போவதில்லை. நீ நலமாக இல்லை என்பது எனக்குத் தெரியும். போனில் சொல்லலாம் என்றால், எனக்குக் கோபம் வரும் இடம் பார்த்து வெட்டிவிடுகிறாய். கடிதத்தை அப்படி வெட்ட முடியாது. தம்பி நிமலன் இதைப் போட்டோ எடுத்து இன்றைக்கே உன் போனுக்கு அனுப்புவான். தாள் பின்னால் தபாலில் வரும். இரண்டையும் படி.

உன் பேராசிரியருக்கு நாங்கள் மெயில் அனுப்பியதால் நோர்வேயில் உன் மானம் போய்விட்டது என்றாய். அந்த மனுஷன் உன்னைக் கூப்பிட்டு, உடம்பு எப்படி, ஏதாவது உதவி வேண்டுமா என்று விசாரித்தாராம். அதற்கு நீ சொன்ன பதிலையும் நீயே என்னிடம் சொன்னாய். எல்லாம் சரியாக இருக்கிறது, அம்மா வயதானவர், தேயிலைத் தோட்டத்தில் இருப்பவர், ஆராய்ச்சி என்றால் என்னவென்று அவருக்கு விளங்காது என்றாயாம். இதை என்னிடமே சொல்லிவிட்டு, மன்னிப்பும் கேட்கச் சொன்னாய். கேட்க மாட்டேன்.

என்ன நடந்தது என்று நீ தெரிந்துகொள். போன கிழமை ஷஸ்னா எனக்குப் போன் எடுத்தாள். உன்னோடு ஒரே வீட்டில் தங்கியிருக்கும் பிள்ளை, உக்குவளையில் அவள் உம்மாவை எனக்குத் தெரியும். “ஆன்ட்டி, நான் சொன்னேன்னு அவகிட்ட சொல்லிறாதீங்க. ரூமை உள்ளுக்குப் பூட்டிக்கிட்டு இருக்கா. கதவுக்கிட்ட சோறு வச்சா அப்படியே கெடக்கு” என்றாள். சொல்ல வேண்டாம் என்றாள், நான் சொல்கிறேன். அதற்காக அவளோடு சண்டைக்குப் போகாதே. அவள் இல்லாவிட்டால் எனக்கு எதுவுமே தெரிந்திருக்காது. நீயோ போனில் முகத்தைக் காட்டாமல், கெமரா பழுது என்று கதை சொன்னாய்.

மாதக்கணக்கில் ஞாயிற்றுக்கிழமைகூட ஆய்வுகூடத்துக்குப் போனாயாம். உன் ஆராய்ச்சிக் கட்டுரையை மறுபடியும் திருப்பி அனுப்பினார்களாம். அன்றையிலிருந்து போவதும் இல்லை, தூங்குவதும் இல்லையாம். வருஷத்துக்கு ஐந்து கிழமை, ஒரு மாதத்துக்கும் மேலே, லீவு உண்டு, அதில் ஒரு நாளையும் நீ தொடவில்லை என்றும் அவள்தான் சொன்னாள். லீவு எடுத்தால் கூட வேலை செய்பவர்கள் என்ன நினைப்பார்களோ என்று பயமாம். நான் மாதர் சங்கத் தலைவியாக இருந்த காலத்தில், இல்லாத லீவுக்காகத் தோட்டத்துத் தொரை பங்களா வாசலில் வெயிலில் உட்கார்ந்தோம். இருக்கிற லீவை வேண்டாம் என்று சொன்ன ஒருத்தியை இந்த மலையில் நான் பார்த்ததில்லை. என் வீட்டில்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

அதனால்தான் நிமலனைத் தம்புள்ளையிலிருந்து வரச் சொன்னேன். நான் சொல்லச் சொல்ல அவன் இங்கிலீஷில் எழுதினான். ஞாயிற்றுக்கிழமை வேலையை நிறுத்த வேண்டும், லீவு கொடுக்க வேண்டும், தவறினால் அடுத்த நடவடிக்கை எடுப்போம் என்றேன். “அம்மா, அவரு புரொபசர். தொரை இல்ல” என்றான். ஞாயிற்றுக்கிழமை வேலை வாங்குகிறவன் எல்லாம் தொரைதான் என்றேன். ‘வன்மையாகக் கண்டிக்கிறோம்’ என்று முடிக்கச் சொன்னேன். அந்தப் பயல் அதை ‘தயவுடன் வேண்டுகிறோம்’ என்று மாற்றிவிட்டான். அனுப்பிய பிறகுதான் ஒப்புக்கொண்டான். அவனுக்குத் தனியாகத் திட்டு கிடைத்தது.

மறுநாளே பதில் வந்தது. மாணவியின் விஷயத்தைக் குடும்பத்தோடு பேச விதியில்லை, ஆனால் இன்றைக்கே அவரோடு பேசுகிறேன் என்று எழுதியிருந்தார். பேசியும் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னது அவர் இல்லை என்று அப்புறம்தான் ஷஸ்னா சொன்னாள். யாருமே சொல்லவில்லையாம், நீயாகப் போனாயாம். அதைக் கேட்டபோது அந்த மனுஷன் மேல் இருந்த கோபமும் சேர்ந்து உன் மேல் வந்தது.

ஆராய்ச்சி எனக்கு விளங்காதா? மேல்கணக்குப் பிரிவில் லயத்து வீடுகளுக்குப் பின்னால் மண் சரிந்த வருஷம், பக்கத்துச் சரிவு மட்டும் ஏன் நின்றது என்று எல்லோரையும் கேட்டுக்கொண்டு திரிந்தாய். கணக்கப்பிள்ளையிடம்கூடக் கேட்டாய். யாரிடமும் பதில் இல்லை. அதைத் தேடித்தான் போயிருக்கிறாய். எனக்கு விளங்கியது அவ்வளவுதான். அது போதும்.

ஒன்றை மட்டும் நீ மறந்துவிட்டாய். நிறுவையில் கொழுந்து குறைந்தால் எங்களுக்கு அரைப் பேர் போடுவார்கள். நாள் முழுக்க மலையில் நின்றவளுக்கு அரைச் சம்பளம். வெயில் காய்ந்து செடியில் கொழுந்தே இல்லாத மாதத்தில், குறைந்ததற்கு அவளா பொறுப்பு என்று கேட்டுத்தான் நாங்கள் வேலையை நிறுத்தினோம். முழுப் பேர் வாங்கினோம். உன் கட்டுரையை முகம் தெரியாத யாரோ திருப்பி அனுப்புகிறார்கள், உடனே நீ உனக்கே அரைப் பேர் போட்டுக்கொள்கிறாய். சம்பளத்தில் பிடிப்பது போலச் சாப்பாட்டையும் தூக்கத்தையும் பிடித்துக்கொள்கிறாய். எந்தக் கங்காணியும் எங்களுக்கு அப்படிச் செய்ததில்லை.

வேலை செய்ய மனசே வரவில்லை என்று ஷஸ்னாவிடம் அழுதாயாம். அட்டை கடிக்கிற மழையில் மலையேற எனக்குத் தினமும் மனசு வந்தது என்றா நினைக்கிறாய்? பக்கத்துத் தேயிலை நிரையில் ஆள் இருந்தது. கங்காணியைக் கிண்டல் செய்து சிரிக்க ஆள் இருந்தது. நான் பின்தங்கினால் பக்கத்து நிரைக்காரி என் நிரையிலும் நாலு செடிக் கொழுந்து எடுப்பாள். மத்தியானமே இருட்டிவிடும் ஊரில் கதவைப் பூட்டிக்கொண்டு தனியாக உட்கார்ந்தால் யாருக்கு மனசு வரும்?

அப்பா உன்னை வரச் சொல்கிறார். பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை பார்க்கலாம் என்கிறார். நான் அதைச் சொல்ல மாட்டேன். விட்டுவிட்டு வருவதென்றாலும் சாப்பிட்டுத் தூங்கித் தெளிந்த பிறகு முடிவு செய். நாளைக்கே பேராசிரியரிடம் போய், எல்லாம் சரியாக இருக்கிறது என்று அன்றைக்குச் சொன்னது பொய் என்று சொல். லீவு எடு. அங்கே டாக்டர் இருந்தால் ஷஸ்னாவைக் கூட்டிக்கொண்டு போ. உன் கேள்விக்குப் பதில் மெதுவாகக் கிடைக்கட்டும். மலை இங்கேதான் நிற்கிறது.

இதையெல்லாம் செய்ய மாட்டேன் என்றால் அந்தச் சண்டையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஒன்றை மட்டும் இதைப் படித்தவுடன் செய். உன் அறைக்கு இன்னொரு சாவி இருக்கும். அதை ஷஸ்னாவிடம் கொடு. இரவில் உள்ளே தாழ்ப்பாள் போடாதே. ஏன் என்று கேட்காதே. எவ்வளவு வேண்டுமானாலும் என் மேல் கோபமாக இரு, சாவியைக் கொடுத்துவிட்டுக் கோபமாக இரு. வாங்கிவிட்டேன் என்று அவள் சொல்லும்வரை போனைக் கீழே வைக்க மாட்டேன்.

மாத்தளை முத்துமாரி உன் தலைமாட்டில் இருக்கட்டும்.

கோபம் தீராத உன் அம்மா,
சுந்தரம்மா.