உப்புச் சாலையில் இரும்புப் பாதை இடுவது குறித்து

மழை பிழையாது பொழிக. உப்பளம் வெளுத்து விளைக. கோல் கோடாது நிற்க. வெண்கழி நாடாளும் வேல்கெழு மகாராசரின் முத்திரை மோதிரம் தாங்கி, அமெரிக்க நாட்டில் தூது நிற்கும் அமைச்சன் அரங்கப் பேரரையன், முத்தலைத் துறையின் காவலரும் சுங்க நாயகமுமாகிய நல்லுடை அதிகமானாருக்கு விடுக்கும் ஓலை. தாங்களும் தங்கள் மனையாரும் துறைமாந்தரும் நலமுற்று வாழ்க.

இந்நாட்டுக் கும்பினியார், உப்பளங்களிலிருந்து துறைக்கு வரும் நம் உப்புச் சாலை நெடுக இரும்புப் பாதை இட முன்வந்து, அதற்கு நிலமும், சரக்குக் கூலியைத் தாமே விதிக்கும் உரிமையும் ஒருங்கே கேட்பதாகவும், தாங்கள் அதற்கு இசைந்து முத்திரையிட இருப்பதாகவும் கப்பல்வழி அறிந்தோம். முத்திரையிடுமுன், நாம் இங்கே நேரிற் கண்டதைத் தாங்கள் அறிதல் வேண்டும்.

இந்நாட்டில் அரசர் இல்லை, அவையோரே ஆள்கின்றனர். அவர்கள் பிறநாட்டு இரும்புக்குக் கடுஞ்சுங்கம் விதித்துத் தம் உலைகளை வளர்த்தனர். பாதை இடும் வணிகருக்கு வழியோர நிலங்களை வாரி வழங்கினர். வணிகரும் வாளாவிருக்கவில்லை. புல்லன்றி வேறு காணாத வெளியில் ஒரு தலைமுறைக்குள் ஊர்களையும் சந்தைகளையும் எழுப்பினர். இதை மெய்யாகவே வியந்தோம்.

அப்புல்வெளியில், ஹெல்கா என்னும் உழவுப் பெண்மணியின் மனையில் குளிர்காலத்தில் விருந்தினராகத் தங்கினோம். உழுவோருக்கு நிலம் இலவசம் என்று அவையோர் இட்ட சட்டத்தை நம்பி, வடகடல் நாட்டிலிருந்து கணவரோடு வந்து குடியேறியவர் அவர். வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்க, அவர் அடுப்பைத் திறந்து, விறகு இடுவதுபோல் மக்காச்சோளக் கதிர்களை மணியோடு அள்ளி இட்டார். நாம் திடுக்கிட்டுக் காரணம் வினவ, நம் துபாஷி உதுமான் லெப்பை அவர் மொழிந்ததைப் பெயர்த்துரைத்தான்: “எசமான், இந்த ஊருக்கு இருக்கிறது ஒரே பாதையாம். சோளத்தை வித்தா வர்ற காசு, அதை ஏத்திவிடுற கூலிக்கே பத்தலயாம். விறகு வாங்குறதுக்கு இதை எரிக்கிறதே மேலுங்கிறாங்க.” உரைத்தபின் அவன் அடுப்பைவிட்டு விலகி வாசலருகே போய் அமர்ந்தான். அருகே வருமாறு பணித்தும், “சோறு எரியுற நெருப்புல நான் குளிர் காய மாட்டேன், எசமான்” என்று மறுத்துவிட்டான். நாமும் அன்று அவ்வடுப்பருகே செல்லவில்லை.

சந்தையிலிருந்து அளந்தால், இரு பாதைகள் போட்டியிடும் பெருநகரத்துக்குத் தொலைவு மிகுதி, கூலி குறைவு. போட்டியில்லாத இவ்வூருக்குத் தொலைவு குறைவு, கூலி மிகுதி. இதனைச் சொல்லி ஹெல்காவும் அண்டை உழவரும் மாகாண அவையில் முறையிட்டனர். அப்பாதையை இட்ட கும்பினியின் தலைவர் எழுந்து, ஆளில்லாக் காட்டில் தம் பொருளை இறைத்தபோது துணைக்கு வராதவர்கள் இன்று விலை சொல்ல வருவது நியாயமோ என்று வினவினார். அவர் சொல்லிலும் உண்மை இருந்தது. பின்னர் ஹெல்கா எழுந்து, தாம் வந்ததும் ஆளில்லாக் காட்டுக்கே என்றும், உழவர் வந்திராவிடில் அவ்வண்டிகள் காற்றையே ஏற்றிச் சென்றிருக்கும் என்றும் கூறினார். கூலிக்கு மேலெல்லை விதிக்கும் சட்டம் சொற்ப வாக்கு வேறுபாட்டில் நிறைவேறியது.

கும்பினியார் சினந்து, அவ்வூரில் வண்டி நிற்பதையே ஒழித்தனர். நிலையத்தில் குவித்த கோதுமை மழையில் முளைவிட்டது; ஹெல்கா அவ்வாண்டு விளைவை இழந்தார். மறு ஆண்டு அவையோர் எல்லையைச் சற்றே தளர்த்தினர். கும்பினியாரும் அவ்வூரில் மீண்டும் வண்டி நின்று செல்ல இசைந்தனர். கூலி முன்போலும் இல்லை, உழவர் வேண்டிய அளவும் இல்லை. ஆயினும் இவ்வாண்டு அவர் சோளம் சந்தைக்குப் போகக் கண்டோம்.

வணிகனின் துணிவின்றி நாடு வளராது. அத்துணிவுக்கு அரசு வரம்பிடாவிடில் வளர்ந்தது குடிகளுக்கு எட்டாது. வரம்பைப் பின்னர் இடுவோர் படும் பாட்டையும் கண்டோம். நாம் முன்னரே இடுவோம்.

ஆதலால் மகாராசர் ஆணையாகத் தங்களுக்குப் பணிப்பது: நிலம் கொடுக்க. ஆனால் கூலியின் மேலெல்லையை விதிக்கும் உரிமையை நம் அரசவையில் நிறுத்துக. அவ்வவை கூடும்போது உப்பளத்தாருக்கும் இருக்கை அளிக்க. இரும்புப் பாதைக்குப் போட்டியாக நிற்கவேண்டிய பழைய வண்டிச் சாலையில் ஒரு கல்லும் பெயர்க்க விடாதிருக்க. இந்நிபந்தனைகளுக்குக் கும்பினியார் இசையாராயின், வெற்றிலை பாக்கும் சந்தனமும் கொடுத்து, குறைவற்ற மரியாதையோடு அவர்களைக் கப்பலேற்றி அனுப்புக.

இவ்வோலைக்கு மகாராசரின் சுறா முத்திரையே சான்று. இதில் கண்டவாறே செய்க.