படங்கு கட்டி ஓடியது

2008 பெப்ரவரி 10, ஞாயிறு

எழுதவே வெட்கமாக இருக்கிறது. இன்று காலை வெள்ளவத்தை ஸ்டேஷன் ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தபோது என் பாவாடை அவிழ்ந்து விழுந்துவிட்டது. உள்ளே காற்சட்டை போட்டிருந்தேன், அதனால் மானம் பாதிதான் போனது. மீன்காரன் தராசைப் பிடித்தபடி சிலையாக நின்றான். "என்னய்யா பாக்குற, மீன நிறு" என்று சொல்லிவிட்டுப் பாவாடையைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

நாற்பத்தாறு வயதில் ஓடு என்று என்னை யாரும் துரத்தவில்லை. எல்லாம் கொன்ஸ்ரன்ஸ் மிஸ்ஸால் வந்தது. அவர் வீட்டில்தான் நான் சமைத்துக் கூட்டித் துடைக்கிறேன். டியூட்டரியில் கணக்குப் படிப்பிக்கிறார், கடல் என்றால் பைத்தியம். அடுத்த மாதம் தெற்கே காலி நகர்ப் பக்கம் ஒரு ஹோட்டலில் பந்தயமாம். கடலில் நீந்தி, காட்டு வழியில் சைக்கிள் ஓட்டி, பிறகு மேடு பள்ளத்தில் ஓடி முடிக்க வேண்டும். மூன்று பேர் பிரித்துச் செய்யலாம். நீச்சல் மிஸ். சைக்கிள், பாமன்கடையில் சைக்கிள் கடை வைத்திருக்கும் மஹ்ரூப். ஓடுவதற்கு ஆள் இல்லாமல் என்னைப் பார்த்தார்.

"ஆறாயி அக்கா, நீங்கள் தேயிலைத் தோட்டத்தில மலை ஏறி இறங்கின ஆள்தானே?"

"ஏறுனது கொழுந்துக்கு மிஸ். இதுல என்னா கெடைக்கும்?"

"ஹோட்டல்ல மத்தியானச் சாப்பாடு."

சரி என்றேன்.

பெப்ரவரி 12, செவ்வாய்

பாவாடைக்கு மருந்து கண்டுபிடித்துவிட்டேன். கொழுந்து எடுக்கும்போது செடி குத்தாமலிருக்க இடுப்பைச் சுற்றிக் கட்டுவோமே, தடித்த சாக்கு, படங்கு – அதைப் போல ஒன்று வெட்டி, கயிற்றால் இறுக்கி, மேலே மிஸ் தந்த பெரிய டீசேர்ட்டைப் போட்டேன். பாவாடையும் நழுவவில்லை, தொந்தியும் குலுங்கவில்லை.

மஹ்ரூப் பார்த்துவிட்டு, "ராத்தா, ஓடப் போறீங்களா, கொழுந்து புடுங்கப் போறீங்களா?" என்றான்.

"ஒன் தாடியப் புடுங்கப் போறேன்."

பெப்ரவரி 14, வியாழன்



விடிந்ததும் மிஸ் கடலில் இறங்கினார், நான் கரையோர வீதியால் ஓடினேன். கோட்டை ஸ்டேஷனில் ஒரு பொம்பளை குண்டு கட்டி வந்து வெடித்த பிறகு, இந்த வீதியில் புதிதாக ஒரு காவலரண். "நவத்தின்ன! நவத்தின்ன!" என்று கத்தினார்கள். நின்றேன். ஆமிக்காரன் துப்பாக்கியை நேரே பிடித்திருந்தான். அவன் கண் என் முகத்தில் இல்லை. இடுப்பில். அப்போதுதான் விளங்கியது. டீசேர்ட்டுக்குள் புடைத்துக்கொண்டு, கயிறு கட்டி – ஐயோ, குண்டு கட்டின பொம்பளைனு நெனச்சிட்டானே!

தெரிந்த சிங்களமெல்லாம் எங்கே போனதோ. மிஸ் தண்ணீர் சொட்டச் சொட்ட ஓடிவந்து விளக்கினார். அவிழ்த்துப் பார்த்தார்கள். சாக்குத்தான். ஒருவன் சிரித்தான். அதோடு முடிந்திருக்கும். மற்றவன் மிஸ்ஸின் அடையாள அட்டையைக் கேட்டான். பிறந்த இடம் கிளிநொச்சி, புலிகளின் கையிலிருக்கும் ஊர். சிரிப்பு நின்றது.

இரண்டு பேரையும் பொலிசுக்கு ஏற்றினார்கள். கிளிநொச்சிக்காரி ஏன் தினமும் கடலில் நீந்துகிறாள், எவ்வளவு தூரம் போவாள் என்று என்னிடம் கேட்டார்கள். "ரொம்பத் தூரம் போவாங்க, மீன் மாதிரி நீந்துவாங்க" என்று பெருமையாகச் சொல்லித் தொலைத்தேன். ஏன்டி சொன்ன? இந்த வாய் எப்பத்தான் அடங்கும்?

என் அட்டையில் ஹட்டன், மலைநாடு. பின்னேரம் என்னை விட்டார்கள். மிஸ்ஸ விடல.

பெப்ரவரி 15, வெள்ளி

பார்க்க விடவில்லை. சோற்றுப் பார்சலை மட்டும் வாங்கினார்கள்.

பெப்ரவரி 18, திங்கள்

வாசல் பொலிஸ்காரன் பார்சலைக் கிளறிப் பார்த்தான். "பருப்புத்தான் மஹத்தயா, வெடிச்சா வயித்துக்குள்ளதான் வெடிக்கும்" என்று எனக்குத் தெரிந்த அரைச் சிங்களத்தில் சொன்னேன். சிரித்துவிட்டு உள்ளே அனுப்பினான். நான் பஸ் ஹோல்ட்டில் உட்கார்ந்து அழுதேன். அந்தச் சாக்க நான் கட்டாம இருந்திருந்தா? பாவாட விழுந்தா விழுந்துட்டுப் போகுது. ஊரே பாத்தா பாத்துட்டுப் போகுது.

பெப்ரவரி 21, வியாழன்

பந்தயம் நடத்துகிற சிங்கள நோனாவை மஹ்ரூப் தேடிப் பிடித்துக் கூட்டி வந்தான். அவர் உள்ளே போய் வெகுநேரம் கதைத்தார். மிஸ்ஸை விட்டார்கள்.

"எண்ண வச்சு விடவா மிஸ்?" என்றேன். தலையை ஆட்டினார். என் முன்னால் வந்து உட்கார்ந்தார்.

மார்ச் 8, சனி

மிஸ் கடல் பக்கத்து யன்னலைத் திறப்பதே இல்லை. நான் மொட்டை மாடியில் ஓடுகிறேன், படங்கு இல்லாமல். கீழ்வீட்டில் சுண்ணாம்பு உதிர்கிறதாம். உதிரட்டும்.

இன்று சொல்லிப் பார்த்தேன். "விட்டுருவோம் மிஸ். அந்த ஹோட்டல் சாப்பாட்ட நானே ஆக்கிப் போடுறேன்." சிரிக்கவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"தண்ணிக்குள்ள முகத்தை வைச்சா, கரையில ஆர் வந்து நிக்கினம் எண்டு தெரியாதக்கா. அதுதான் ஏலாமக் கிடக்கு."

"நான் நிக்கிறேன் மிஸ். யாரு வந்தாலும் கத்துறேன். என் தொண்ட ஒங்களுக்குத் தெரியாதா?"

வேண்டாம் என்று மிஸ் சொல்லவில்லை.

மார்ச் 29, சனி

ஹோட்டலுக்கு வந்துவிட்டோம். வழியில் ஆமிக்காரர்கள் சோதிக்க நிறுத்தி இறக்கிய ஒவ்வொரு இடத்திலும் மிஸ் என் கையைப் பிடித்துக்கொண்டார். கை ஐஸ்.

நாளைக்கு இறங்குவாரா? கேட்கவில்லை.

மார்ச் 30, ஞாயிறு

விசில் ஊதியதும் எல்லோரும் கடலில் பாய்ந்தார்கள். மிஸ் முழங்கால் தண்ணீரில் நின்றார். நின்றுகொண்டே இருந்தார். மஹ்ரூப் வாயைத் திறந்தான், அவன் காலை மிதித்தேன்.

"நான் நிக்கிறேன் மிஸ்!" என்று கத்தினேன். காகமெல்லாம் கிளம்பியது.

மிஸ் திரும்பிப் பார்த்தார். பிறகு மெதுவாக முகத்தைத் தண்ணீரில் வைத்தார். கொஞ்சம் நீந்துவார், தலையைத் தூக்கிக் கரையைப் பார்ப்பார். "நிக்கிறேன்!" என்பேன். மறுபடி நீந்துவார். போய் வரும்வரை அப்படித்தான். மற்றவர்களெல்லாம் சைக்கிளில் போய் எவ்வளவோ நேரத்துக்குப் பிறகு கரையேறினார். மூச்சு வாங்க என்னைப் பார்த்து, "கத்தினது காணும் அக்கா, காது போச்சு" என்றார். ஒன்றரை மாதத்துக்குப் பிறகு என்னை நக்கலடித்திருக்கிறார்! நான் அழவில்லை. உப்புக் காற்று.

மஹ்ரூப் உடம்பெல்லாம் சேறாக வந்து சேர்ந்தான். நான் ஓடினேன். ரப்பர் தோட்ட மேட்டில் இரண்டு பேரை முந்தினேன், ஒருவர் வெள்ளைக்காரர்.

முடிவில் தரையில் ஒரு வெள்ளைக் கோடு. பக்கத்தில் பச்சைத் தொப்பி போட்ட ஒருவர், காவலரணில் மறிக்கிறவனைப் போல, கையை உயர்த்திக்கொண்டு நின்றார். நான் கோட்டுக்கு ஓரடி முன்னால் நின்று, இரண்டு கைகளையும் விரித்து, சோதிப்பதற்காகக் காத்திருந்தேன். கூட்டம் கைதட்டியது. யாரும் வந்து சோதிக்கவில்லை. நான் முந்திய இரண்டு பேரும் என்னைத் தாண்டி உள்ளே போனார்கள். நாங்கள் கடைசி.