சொக்கம்மாளுக்கு எழுதத் தெரியும் என்பது குறித்து

அனுப்புநர்:
சி. காந்திமதிநாதன்,
ஓய்வுபெற்ற உயர்நிலைப்பள்ளி ஆசிரியர்,
வாய்க்கால் பாலம் தெரு,
தென்காசி.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
திருநெல்வேலி.

பொருள்: அச்சன்புதூர் சாலையோர இலவச வீட்டுமனை – சொக்கம்மாள் என்பவரின் பட்டா ரத்து – நான் கொடுத்த சான்றிதழ் பொய் என ஒப்புக்கொள்ளுதல் – பட்டாவை மீண்டும் வழங்கக் கோருதல்.

பார்வை: 1. எனது சான்றிதழ், நாள் 9.8.1982.
2. பட்டா ரத்து உத்தரவு, நாள் 27.9.1982.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் முப்பத்து நான்கு ஆண்டுகள் வரலாறும் குடிமைப் பயிற்சியும் கற்பித்து 1978-இல் ஓய்வு பெற்றவன். சட்டம், பதிவேடு, சாட்சி, கையெழுத்து ஆகியவற்றை ஒரு சமுதாயம் ஏன் பெரிதாக மதிக்கிறது என்பது ஒன்பதாம் வகுப்பில் ஒரு பாடம். பிள்ளைகளுக்குப் புரிவதற்காகக் குற்றாலத்தை உதாரணம் காட்டுவேன். சாரல் காலத்தில் காவலர் விசில் ஊதினால், குளித்துக்கொண்டிருப்பவர் தலையில் எண்ணெய் வழிய வெளியே ஓடிவருகிறார். மலைமேல் வெள்ளம் வருவதை அவர் பார்க்கவில்லை, விசிலை நம்புகிறார். கையெழுத்தும் பதிவேடும் அந்த விசில் போன்றவை, அவற்றை நம்புவதால்தான் நாம் பிழைத்திருக்கிறோம் என்று சொல்வேன். இந்த முன்னுரைக்குக் காரணம் உண்டு, பொறுத்தருள வேண்டுகிறேன்.

2. சொக்கம்மாள் ஐம்பத்திரண்டு வயதான விதவை. 1976-இல் அரசு அவருக்கு மூன்று சென்ட் மனை வழங்கியது. அப்போது எழுதத் தெரியாததால் பதிவேட்டில் இடது பெருவிரல் ரேகை வைத்தார். அந்த மனையில் குடிசை போட்டுத் தங்கை இராமலட்சுமியுடன் வாழ்ந்தார். பரீது என்பவரின் செங்கல் சூளையில் கல் அறுக்கச் சேர்ந்தார். மூன்றாம் வகுப்பு வரை படித்திருந்த இராமலட்சுமி 1979 மார்ச்சில் மஞ்சள் காமாலையால் வீட்டிலேயே இறந்தார். அந்த மரணத்தை யாரும் பதிவு செய்யவில்லை. பதிவு செய்வது எவ்வளவு அவசியம் என்று அப்பகுதிப் பெண்களுக்கு எடுத்துச் சொன்ன என் முதியோர் வகுப்பு அந்த ஆண்டு அக்டோபரில்தான் தொடங்கியது.

3. அவ்வகுப்பில் பத்தொன்பது பெண்கள் சேர்ந்தார்கள். பெரும்பாலோர் பீடி சுற்றுபவர்கள். சொக்கம்மாள்தான் மிகவும் மெதுவாகக் கற்றவர். தம் பெயரைப் பிழையில்லாமல் எழுத அவருக்குப் பதினான்கு மாதங்கள் ஆயின. ஆறு எழுத்து, மூன்று புள்ளி. ஒவ்வொரு புள்ளியையும் நெற்றியில் பொட்டு வைப்பது போல நிதானமாக வைப்பார். பிறகு குடிசைச் சுவர், தண்ணீர்ப் பானை, சூளையில் காயாத செங்கல் என்று கண்ட இடமெல்லாம் எழுதினார். அவர் பெயர் எழுதிய கற்கள் இந்தத் தாலுகாவில் எத்தனையோ வீட்டுச் சுவர்களுக்குள் இருப்பதாகப் பரீது சொல்கிறார்.

4. சாலையோரத்தில் கடை போட இடம் தேடிய வல்லிநாயகம் என்பவர் 1982 ஜூனில் ஒரு புகார் கொடுத்தார். பட்டா பெற்ற சொக்கம்மாள் இறந்துவிட்டார் என்றும், இப்போது அக்காள் பெயரில் இருப்பவர் இராமலட்சுமி என்றும் அதில் எழுதியிருந்தார். விசாரணைக்கு அழைப்பு வந்ததும் சொக்கம்மாள் என்னிடம் ஓடிவந்தார். “பயப்படாதீர்கள், இந்த முறை கைநாட்டு வேண்டாம், கையெழுத்துப் போடுங்கள். அலுவலகத்தில் உங்களுக்கு ஒரு மரியாதை இருக்கும்” என்றேன். ஐயா, இந்த வழக்கில் நடந்த முதல் தவறு என்னுடையது.

5. விசாரணை அலுவலர் என் பழைய மாணவர். மேற்சொன்ன பாடத்தில் வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கியவர். அவர் பெயரை எழுத எனக்கு மனம் வரவில்லை. சொக்கம்மாள் சலவைச் சேலை கட்டிச் சென்று, அவர் முன்னிலையில் ஆறு எழுத்தையும் மூன்று புள்ளியையும் வைத்தார். அலுவலர் பழைய பதிவேட்டைத் திறந்து, “பட்டா வாங்குனவளுக்கு எழுதத் தெரியாதுன்னுல்லா இதுல இருக்கு. தங்கச்சிதானே படிச்சவ?” என்றார். அருகில் நின்ற கடைநிலை ஊழியர், “செத்தபொறகு படிச்சிருப்பா சார். எமலோகத்துலயும் முதியோர் பள்ளிக்கூடம் வச்சிருக்காவளோ என்னவோ” என்றார். அறையே சிரித்தது. தம் கையெழுத்தைப் பாராட்டுகிறார்கள் என்று எண்ணிச் சொக்கம்மாளும் உடன் சிரித்தார்.

6. எழுதக் கற்றுக்கொடுத்தவன் நான் என்று சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. ரேகையை ஒப்பிட்டுப் பார்க்கும்படி வேண்டினேன். பதினொரு முறை பதிய வைத்தார்கள். பதினொரு முறையும் கோடே இல்லாத வெறும் கறுப்பு மைக்கறைதான் விழுந்தது. “கல் அறுத்த கை ஐயா. ரேகையெல்லாம் மண்ணோட போயிட்டு” என்று சொக்கம்மாள் சொன்னது குறிப்பில் எழுதப்படவில்லை. சாட்சி சொல்ல வந்த பரீதிடம், “சூளைக்காரர் தன் வேலைக்காரிக்குத் தோதாத்தான் சொல்லுவீரு” என்று கூறி அனுப்பிவிட்டார்கள்.

7. நான் வெளியே வந்தபோது அலுவலர் பின்னால் வந்தார். “சார்வாள், இவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, பேரை மட்டும் கோலம் மாதிரி வரைஞ்சு பழகிருக்கான்னு எழுதிக் குடுத்திருங்க. அப்போ இவதான் சொக்கம்மாள்னு ஃபைலை முடிச்சிருதேன்” என்றார். நல்லெண்ணத்தில்தான் சொன்னாரா என்று எனக்கு இன்றும் தெரியாது. எழுதிக் கொடுத்தேன். என் வாழ்நாளில் நான் கையெழுத்திட்ட ஒரே பொய் அதுதான். மறு விசாரணைக்கு முதல் நாள், எதைக் கொடுத்தாலும் வாசிக்கத் தெரியாது என்று சொல்லுமாறு சொக்கம்மாளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். எழுத்துகளைக் கற்கப் பதினான்கு மாதம் எடுத்துக்கொண்டவர், இந்தப் பாடத்தைப் பத்து நிமிடத்தில் கற்றுக்கொண்டார்.

8. மறு விசாரணையில் அலுவலர் அவரிடம் ஒரு செய்தித்தாளைத் தலைகீழாகக் கொடுத்தார். வாங்கிய கை அதை நேராகத் திருப்பிப் பிடித்தது. அதன் பிறகே அவர் “எனக்கு வாசிக்கத் தெரியாது ஐயா” என்றார். “நேராப் பிடிக்க மட்டும் தெரியுதோ, ஆச்சி?” என்று கேட்டார் அலுவலர். படிக்காமல் படிப்பதுபோல் நடிக்கும் பையன்களைப் பிடிக்க நான் புத்தகத்தைத் தலைகீழாகக் கொடுப்பதுண்டு. அவர் அதை என்னிடம்தான் கற்றார்.

9. சான்றிதழ் பொய், ஆகவே இவர் இராமலட்சுமி என்று உத்தரவாயிற்று. இவருக்கு எழுதக் கற்றுத்தந்தவன் நானே என்று பிறகு எழுத்துமூலம் தெரிவித்தேன். ஒரு முறை பொய்ச் சான்று அளித்தவரின் கூற்றை ஏற்க இயலாது என்று பதில் வந்தது. அந்தப் பதிலில் குற்றம் காண என்னால் முடியவில்லை. நானாக இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன். நவம்பர் 3-ஆம் தேதி குடிசை பிரிக்கப்பட்டது. பெயர் எழுதிய சுவரை அவர் கண்ணெதிரே முதலில் தள்ளினார்கள். மனை வல்லிநாயகத்துக்கு ஒதுக்கப்பட்டு, அங்கே இப்போது சைக்கிள் கடை நடக்கிறது. சொக்கம்மாள் சூளையில் கல் அடுக்கும் கொட்டகையில் படுத்துக்கொள்கிறார். சூளைக்காரர்கள் அவரை விளையாட்டாக “செத்த ஆச்சி” என்று கூப்பிடுகிறார்கள். அவரும் “ஏன்” என்று பதில் குரல் கொடுக்கிறார்.

10. குடிசை பிரித்த மறுநாள் என் வகுப்புக்கு ஒருவரும் வரவில்லை. வீடு வீடாகப் போனேன். “எழுதப் படிச்சதுக்குத்தான் அவளுக்கு வீடு போச்சு. எங்களுக்கு இருக்கது ஒரு குடிசை, சார்வாள்” என்றார் ஒரு பெண். விசில் கேட்டவர்களைப் போல எல்லோரும் வெளியேறிவிட்டார்கள். ஊதியவன் நான்.

எனவே தங்களிடம் நான் வேண்டுவது: பார்வை 1-இல் கண்ட சான்றிதழ் பொய்யென்பதால் என் மீது சட்டப்படி நடவடிக்கை எடுக்க வேண்டும். அந்தத் தண்டனையையே, சொக்கம்மாளுக்கு எழுதத் தெரியும் என்பதற்குச் சான்றாக ஏற்று, அவர் உயிருடன் இருப்பதைப் பதிவேட்டில் எழுதி, மனையைத் திரும்ப வழங்க வேண்டும். அவர் முதல் எழுத்திலிருந்து எழுதிப் பழகிய நோட்டுகள் மூன்றையும் வகுப்பு வருகைப் பதிவேட்டையும் இணைத்துள்ளேன். மூன்றாம் வகுப்பு படித்த இராமலட்சுமி, ‘அ’ எழுத இரண்டு மாதம் திணறியிருக்க மாட்டார் என்பதைத் தாங்களே கண்டுகொள்ளலாம்.

இம்மனுவில் கையெழுத்திடுமாறு நேற்று சொக்கம்மாளிடம் பேனாவைக் கொடுத்தேன். அவர் அதை வாங்கவில்லை. “எழுத்தெல்லாம் மறந்துட்டு, சார்வாள்” என்று சொல்லி, மைப்பெட்டியைக் கேட்டார். அது உண்மையல்ல என்று எனக்குத் தெரியும். ஆனால் எதற்கும் சான்று சொல்லும் தகுதி எனக்கு இப்போது இல்லை.

இடம்: தென்காசி
நாள்: 17.1.1983

தங்கள் உண்மையுள்ள,
சி. காந்திமதிநாதன்

சொக்கம்மாள், இடது பெருவிரல் ரேகை:
(மை மட்டும் பதிந்துள்ளது, கோடுகள் இல்லை.)