போனக்காட்டுத் தேயிலை

பிரியமுள்ள அண்ணாச்சி,

போய்ச் சேர்ந்தவரிடம் சௌக்கியமா என்று கேட்பது எப்படி? தெரியவில்லை. அதனால் நேராகவே கேட்கிறேன், அதுவும் ஊரறிய. நீங்கள் ஒரு நாளும் போனக்காட்டில் இருந்ததில்லை, இல்லையா?

உங்களுக்குச் சித்தம் கலங்கியபோது அப்பாதான் அந்த ஊரைப் பிடித்தார். "எவனாவது கேட்டா, பெரியவன் போனக்காட்டுத் தேயிலை எஸ்டேட்டுல கணக்கெழுதப் போயிருக்கான்னு சொல்லுங்க." வித்துராவுக்கும் அப்பால் மலையேறிப் போய் யார் பார்க்கப்போகிறார்கள் என்ற தைரியம். நீங்களோ இதே திருவனந்தபுரத்தில், பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் இருந்தீர்கள்.

குணமாகி வந்த அன்று அப்பா சாலைக் கடைத்தெருவில் வண்டியை நிறுத்தித் தேயிலை வாங்கினார். போனக்காட்டிலிருந்து நீங்கள் கொண்டுவந்தது என்று தெருவுக்கெல்லாம் பொட்டலம் கொடுத்தோம். அதோடு விட்டீர்களா? கேட்டவர்களிடமெல்லாம், "அங்க காலம்பற பனி எறங்கிச்சுன்னா பக்கத்துல நிக்கிற ஆளு தெரியாது. கூப்பிட்டாலும் சத்தம் எங்கேருந்து வருதுன்னு புரியாது" என்றீர்கள். எங்கள் மானத்தைக் காப்பாற்றச் சொன்னீர்களா? அங்கே இருந்ததாகவே நம்பினீர்களா? வேறு எதையோ எங்களுக்குச் சொல்லப் பார்த்தீர்களா? காய்ச்சலில் நீங்கள் இறந்துபோகும்வரை வீட்டில் யாரும் கேட்கவில்லை.

இங்கே உலக யுத்தம் முடிந்துவிட்டது. அரிசி இன்னும் ரேஷன்தான். நான் டீச்சராகிவிட்டேன். போன வாரம் எங்கள் பள்ளிக்கூட ஹாலில் பெண்களுக்கென்று ஒரு கூட்டம் நடந்தது. டாக்டரம்மா ஒருவர் தமிழும் மலையாளமுமாகப் பேசினார். "வயித்துக்குத் தீனம் வந்தா சொல்லுதோம். மனசுக்குத் தீனம் வந்தா மட்டும் எந்தினா, எதுக்கு மறைக்கணும்?"

தீனம்! நம் வீட்டில் தலைவலிக்குக்கூடச் சொல்லுகிற சொல். உங்களுக்கு மட்டும் அதைச் சொல்லவில்லையே என்று எனக்குத் துக்கம் முட்டிக்கொண்டு வந்தது.

"உங்க வீட்டுல ஆருக்காவது வந்திருந்தா எழுந்து சொல்லலாம்" என்றார். நான் எழுந்துவிட்டேன், அண்ணாச்சி. "எங்க அண்ணாச்சி... போனக்காட்டுல இருந்தாங்க" என்றேன். வாய் பழகிய வழியிலேயே போய்விட்டது. எஸ்டேட் காய்ச்சல் என்று நினைத்த டாக்டரம்மா, மலேரியாவா என்று கேட்டார். நான் உட்கார்ந்துவிட்டேன்.

கூட்டம் கலைந்தபோது அடுத்த தெரு பொன்னம்மாள் என் கையைப் பிடித்தாள். "டீச்சரே, எங்க வீட்டுக்காரரும் இப்போ போனக்காட்டுலதான் இருக்காரு."

அவள் புருஷன் தபாலாபீஸ் குமாஸ்தா. அவருக்கு எஸ்டேட்டில் என்ன வேலை? நான் விழித்தேன். அவளே சொன்னாள். "உங்க அப்பா தேயிலை வாங்கினது எங்க சித்தப்பா கடையிலல்லா. வண்டி ஆஸ்பத்திரியிலேருந்து வந்ததையும் அவரு கண்டாரு. அன்னையிலேருந்து இந்தப் பக்கம் ஆரு அந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும், போனக்காட்டுக்குப் போயிருக்காருன்னுதான் பேச்சு."

எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது! தெரிந்துகொண்டே அந்தத் தேயிலையைப் போட்டுக் குடித்திருக்கிறார்கள். அது கேலியா, இரக்கமா? அப்படியானால் நாம் யாரிடம் மறைத்தோம்? சிரிப்பதா கோபப்படுவதா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

"வெள்ளிக்கிழமை அவரை வீட்டுக்கு விடுதாங்க. நானும் தேயிலை வாங்கணுமா டீச்சரே?" என்று கேட்டாள். அவள் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. கண் கலங்கியிருந்தது.

வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சொன்னது சரிதானா? அவள் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள். நாளைக்கு அது தட்டிப்போனால் நான் என்ன பதில் சொல்வேன்? நீங்கள் இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

ஒன்றும் தெளியவில்லை. ஆனாலும் வெள்ளிக்கிழமை அவளோடு நானும் போவேன். சாலைக் கடைத்தெரு வழியாகத்தான் திரும்புவோம், வண்டி எங்கும் நிற்காது. யாராவது கேட்டால், தீனமாக இருந்தார், ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறோம் என்று சொல்வேன். உங்களைப் பற்றியும் இனி அதையே சொல்வேன். அங்கே எப்படி இருந்தது என்று அவரிடம் கேட்பேன். அவர் பனியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால், குறுக்கே பேசாமல் முழுவதும் கேட்பேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

உங்களிடம் கேட்காமலே இருந்துவிட்ட தங்கை,
செல்லம்மா